கிலோவாட் ஆம்ப்ளிஃபையருக்குள் என்ன இருக்கிறது? ஹாம் ரேடியோவுக்குப் புதியவர்களுக்கு ஓர் அறிமுகம்

ரேடியோவின் சிக்னலை ஆயிரம் வாட் அளவுக்குப் பெருக்கித் தரும் கிலோவாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் மூடியை முதல்முறை கழற்றிப் பார்க்கிறவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ரேடியோ என்று சொல்லும்படி உள்ளே அதிகம் இருக்காது. ஒரு மூலையில் தனியாளால் தூக்க முடியாத டிரான்ஸ்பார்மர். அதை ஒட்டி வரிசையாக எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். ஒரு விசிறி. இன்னொரு பக்கம் ஒன்றோ இரண்டோ வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்), தடித்த செம்புக் காயில், தகடு தகடாக விரியும் இரண்டு வேரியபிள் கெபாசிட்டர்கள். உங்கள் மேசையில் இருக்கும் நூறு வாட் டிரான்ஸீவரோடு (பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ) ஒப்பிட்டால் இது குழந்தைச் சுற்று.

சுற்றுதான் எளிது. அதில் ஓடும் ஆற்றல் எளிதானதல்ல. இந்தப் பெட்டியைப் புரிந்துகொள்ள ஒரே வழி, மின்சாரம் பிளக்கில் நுழைந்ததிலிருந்து ஆன்டெனா வழியாக வெளியேறும் வரை அதன் பின்னாலேயே நடந்து போவது. அது எங்கே தேங்குகிறது, எங்கே சூடாக மாறுகிறது என்று தெரிந்துவிட்டால் புதிதாகக் கட்டவும் முடியும், பழுது பார்க்கவும் முடியும், அதைவிட முக்கியமாக, உயிரோடு இருக்கவும் முடியும்.

முதலில், இவ்வளவு சக்தி எதற்கு? நூறு வாட்டை நானூறாக்கினால் கிடைப்பது 6 டெசிபல். சிக்னலின் பலத்தைக் காட்டும் கேட்பவரின் எஸ்-மீட்டரில் அது ஒரே ஒரு எஸ் யூனிட். நூறை ஆயிரத்து ஐந்நூறாக்கினால் ஏறக்குறைய 12 டெசிபல், அதாவது இரண்டு எஸ் யூனிட். இதற்காகவா இத்தனை பாடு என்று கேட்கத் தோன்றும். உங்கள் குரல் இரைச்சலுக்கு மேலே நன்றாக நிற்கும்போது அந்த இரண்டு யூனிட் பெரிதில்லைதான். இரைச்சலின் விளிம்பில் மூழ்கி மூழ்கி எழும்போது, தொடர்பு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த இரண்டு யூனிட்டில்தான் இருக்கிறது. நிலவில் சிக்னலை மோதவிட்டு இரண்டரை நொடி கழித்துத் திரும்பி வருவதைக் கேட்பவர்களுக்கு ஒவ்வொரு டெசிபலும் பொன். மற்றவர்கள் நல்ல ஆன்டெனாவை முதலில் கட்டுங்கள் என்பதே என் கருத்து. ஆன்டெனா தரும் ஆதாயம் கேட்கும்போதும் உதவும்; ஆம்ப்ளிஃபையர் பேசும்போது மட்டுமே உதவும். பல பெட்டிகள் 1500 வாட்டோடு நின்றுவிடுவதற்குக் காரணம் அமெரிக்க விதிகள் அமெச்சூர்களுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு அது என்பதுதான். உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் வரம்பே உங்களுக்குப் பொருந்தும்.

இப்போது கணக்குக்கு வருவோம். இரண்டு வால்வு போட்ட ஒரு ஆம்ப்ளிஃபையர் 3000 வோல்ட்டில் 0.8 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 2400 வாட். இந்த வகைச் சுற்றின் திறன் சுமார் 60 சதவீதம். ஆக, ஆன்டெனாவுக்குப் போவது 1440 வாட். மிச்சம் 960 வாட்? அது ஏறக்குறைய முழுவதும் வால்வுகளின் பிளேட்டில், அதாவது எலக்ட்ரான்கள் வந்து மோதும் தகட்டில், சூடாகிறது. ஒரு சின்ன மின்சார அடுப்பைக் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து வைத்தது மாதிரி. விசிறி ஏன் அவ்வளவு சத்தமாக ஓடுகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு எண்ணே பதில்.

ஆற்றல் தேங்கும் இடம்

பழுது பார்க்கப் போகிறவர் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் ஏற்றித் தரும் மின்னழுத்தத்தை டயோடுகள் ஒருதிசையாக்குகின்றன. கெபாசிட்டர்கள் அதை நிரப்பி வைக்கின்றன. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் பொதுவாக 450 வோல்ட் வரைதான் தாங்கும் என்பதால் 3000 வோல்ட்டுக்கு எட்டைத் தொடராக இணைப்பார்கள். ஒவ்வொன்றும் 270 மைக்ரோஃபாரட் என்றால், எட்டும் சேர்ந்து 33.75 மைக்ரோஃபாரட். 3000 வோல்ட்டில் அவை தேக்கி வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 150 ஜூல். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்க மருத்துவமனையில் பயன்படுத்தும் டிஃபிப்ரிலேட்டர் ஓர் அதிர்ச்சிக்குத் தரும் அளவும் ஏறக்குறைய இதுதான். சீராகத் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு இதே அளவு கிடைத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்பதால் இந்த 150 ஜூல் எங்கும் போய்விடாது.

அதை வடிப்பதற்கென்றே ஒவ்வொரு கெபாசிட்டரின் குறுக்கேயும் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். இதற்கு பிளீடர் என்று பெயர். இவை இரண்டு வேலை செய்கின்றன: எட்டு கெபாசிட்டர்களுக்கும் மின்னழுத்தம் சமமாகப் பங்கிடப்படுவதைப் பார்த்துக்கொள்கின்றன, அணைத்த பிறகு மின்னூட்டத்தை வடிக்கின்றன. ஒவ்வொன்றும் 100 கிலோ ஓம் என்றால், 3000 வோல்ட் 50 வோல்ட்டுக்கு இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் பிடிக்கும். எல்லா ரெசிஸ்டரும் நல்ல நிலையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. அணைந்த பெட்டியிலும் ஒரு கெபாசிட்டர் வடியாமல் மணிக்கணக்கில் காத்திருக்க ஒரே ஒரு பிளீடர் அறுந்து போனால் போதும். அப்போது மீட்டர் முள் பூஜ்ஜியத்தில் நிற்கலாம். மீட்டருக்குப் போகும் ரெசிஸ்டரும் அறுந்து போகக்கூடியதுதானே?

அதனால் மீட்டரை நம்பாதீர்கள், காத்திருந்த நேரத்தையும் நம்பாதீர்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் விடுங்கள். பிறகு நீளமான காப்புக் கைப்பிடியின் முனையில் உலோகக் கொக்கி வைத்த கழியை எடுத்து, அதன் வயரை முதலில் சாஸியோடு (பெட்டியின் உலோக உடல்) இறுக்கி இணைத்துவிட்டு, கொக்கியால் உயர் மின்னழுத்தப் புள்ளியைத் தொடுங்கள். முதல் தொடுதல் ஒரு ரெசிஸ்டர் வழியாக இருந்தால் நல்லது. நேரடியாக ஷார்ட் செய்தால் வெடிச் சத்தத்தோடு உலோகமே உருகித் தெறிக்கும். அதன்பின் நேரடியாகத் தொட்டு, வேலை முடியும் வரை ஒரு கிளிப் வயரால் அந்தப் புள்ளியைச் சாஸியோடு பிணைத்தே வையுங்கள். வடித்த கெபாசிட்டர் சும்மா விட்டால் தானாகவே கொஞ்சம் மின்னழுத்தத்தை மீட்டுக்கொள்ளும். அந்தக் கொஞ்சமே கையைத் தூக்கி அடிக்கப் போதும். வடிப்பதற்கு முன் மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழன்றிருக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் இந்த மூடியைத் திறக்கவே கூடாது. சாதாரண மல்டிமீட்டர் 600 அல்லது 1000 வோல்ட்டுக்குத்தான் செய்யப்பட்டது. 3000 வோல்ட்டை அளக்க அதற்கென உள்ள ஹை வோல்டேஜ் புரோப் வேண்டும்.

தேங்கிய ஆற்றல் சுற்றுக்கும் ஆபத்துதான். வால்வுக்குள் ஒருமுறை பொறி தட்டினால் அந்த 150 ஜூலும் ஒரே கணத்தில் அதன் வழியே பாயும். அதைத் தடுக்க உயர் மின்னழுத்த வயரில் 10 முதல் 50 ஓம் வரை ஒரு வயர்வவுண்டு ரெசிஸ்டரைத் தொடராகப் போடுவார்கள். 25 ஓம் என்றால், மோசமான நேரத்திலும் 120 ஆம்பியருக்கு மேல் ஓடாது. கேட்க அதிகமாகத் தெரிந்தாலும், அதன் நேரம் மிகக் குறைவு என்பதால் வால்வு பிழைத்துக்கொள்ளும். பழைய பெட்டி ஒன்று கைக்கு வந்தால் இந்த ரெசிஸ்டர் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். இல்லையென்றால் வேறு எதற்கும் முன் அதைப் போடுவேன்.

ஸ்விட்ச் போட்ட முதல் கணத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு. காலியான கெபாசிட்டர் ஷார்ட் சர்க்யூட் போலத்தான் நடந்துகொள்ளும். வீட்டு ஃபியூஸ் போகாமலும் டயோடுகள் வெடிக்காமலும் இருக்க, மெயின்ஸ் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்து மெதுவாக நிரப்பி, ஒரு நொடிக்குப் பின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) அந்த ரெசிஸ்டரைத் தாண்டி மின்சாரத்தை நேராக விடும். ஸ்டெப்-ஸ்டார்ட் என்பது இதுதான்.

வால்வு

ஹாம் ஆம்ப்ளிஃபையர்களில் அதிகம் புழங்கிய வால்வுகளில் ஒன்று 3-500இசட். பில் ஐட்டெல், ஜாக் மெக்கல்லா என்ற இரண்டு ஹாம்கள் 1934-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஐமாக் நிறுவனம் அதைச் செய்தது. பிளேட்டில் 500 வாட் வெப்பத்தைத் தாங்கும். கண்ணாடி வழியே பார்த்தால் முழு வேலையில் பிளேட் மங்கிய சிவப்பாக ஒளிரும். புதியவர்கள் அதைப் பார்த்துப் பதறுவார்கள். பதற வேண்டாம், மங்கிய சிவப்பு இயல்பானது. ஆரஞ்சுக்கு ஏறினால் உடனே டிரைவை (டிரான்ஸீவரிலிருந்து வரும் சிக்னலை) நிறுத்துங்கள்.

பெரும்பாலான சுற்றுகளில் கேத்தோடுக்கும் பிளேட்டுக்கும் நடுவே இருக்கும் கம்பி வலையான கிரிட்டை நேராகச் சாஸியோடு இணைத்துவிட்டு, சிக்னலை எலக்ட்ரான்களை வெளியிடும் கேத்தோடில் கொடுப்பார்கள். கிரவுண்டட் கிரிட் என்று பெயர். தரையோடு இணைந்த கிரிட், உள்ளே வரும் பக்கத்துக்கும் வெளியே போகும் பக்கத்துக்கும் நடுவே சுவர் மாதிரி நின்றுவிடுவதால், வெளியீடு திரும்பி உள்ளே கசிந்து சுற்று தானாக அலறுவது குறைகிறது. இந்த அமைப்பில் பெருக்கம் பத்து மடங்கு அல்லது அதற்குச் சற்று மேல்தான். நூறு வாட் டிரான்ஸீவருக்கு அதுவே கச்சிதமாகப் பொருந்துகிறது.

3-500இசட்டில் ஃபிலமென்ட்தான் கேத்தோடு. 5 வோல்ட்டில் சுமார் 14.5 ஆம்பியர் இழுக்கும். வோல்ட் குறைவு என்று இந்தப் பகுதியை அலட்சியப்படுத்துகிறவர்கள் பலர். சாக்கெட்டின் ஒரு பின்னில் துரு ஏறி 0.01 ஓம் மட்டும் தடை கூடினால், அந்த ஒரு புள்ளியில் 2 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். சூடு பின்னின் பிடியைத் தளர்த்தும், தளர்ந்த பிடி இன்னும் சூடாகும், கடைசியில் வால்வின் பின்னுக்குள் இருக்கும் ஈயமே உருகி வடிந்துவிடும். “வால்வு போச்சு” என்று தூக்கிப் போடப்பட்ட சில 3-500இசட்கள் பின்னை மறுபடி சால்டர் செய்ததும் உயிர் பெற்று எழுந்திருக்கின்றன. விசிறி வால்வின் தலையை மட்டுமல்ல, காலையும் குளிர்விக்க வேண்டும் என்பது இதனால்தான். 8877 போன்ற செராமிக் வால்வுகள் இன்னொரு வகை. அவற்றின் கேத்தோடு மறைமுகமாகச் சூடாக்கப்படுவதால் மூன்று நிமிடம் காத்திருந்த பின்பே டிரைவ் கொடுக்கலாம். அவற்றின் கிரிட் மென்மையானது. கிரிட் கரண்ட் எல்லை தாண்டினால் அணைத்துவிடும் காவல் சுற்று இல்லாமல் அவற்றை ஓட்டுவது வீண் துணிச்சல்.

பை நெட்வொர்க்

3000 வோல்ட், 0.8 ஆம்பியர் வால்வு எதிர்பார்க்கும் சுமையைக் கணக்கிட ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு: மின்னழுத்தத்தை, கரண்ட்டைப் போல் 1.6 மடங்கால் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 2340 ஓம். ஆன்டெனா கேபிளோ 50 ஓம். இந்த இரண்டுக்கும் நடுவே தரகு வேலை பார்ப்பதுதான் காயிலும் இரண்டு கெபாசிட்டர்களும் சேர்ந்த பை நெட்வொர்க். வால்வுப் பக்கம் இருப்பது டியூன், ஆன்டெனாப் பக்கம் இருப்பது லோடு.

சுற்றின் கியூ மதிப்பை (அலைவரிசையை எவ்வளவு கூர்மையாகத் தேர்ந்தெடுக்கிறது என்ற அளவை) 12 என்று எடுத்தால், 3.6 மெகாஹெர்ட்ஸில் டியூன் கெபாசிட்டர் சுமார் 226 பிகோஃபாரட் வர வேண்டும். 28.5 மெகாஹெர்ட்ஸில் 29 போதும். வால்வின் சொந்தக் கெபாசிட்டன்ஸும், வயர்கள் சாஸிக்கு அருகே ஓடுவதால் வருவதும் சேர்ந்து அந்த 29-இல் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வீட்டில் கட்டிய பெட்டிகள் 80 மீட்டர் பேண்டில் (3.6 மெகாஹெர்ட்ஸ் பகுதி) அருமையாக ஓடி 10 மீட்டர் பேண்டில் (28.5 மெகாஹெர்ட்ஸ் பகுதி) முரண்டு பிடிப்பதற்கு இதுவே முதல் காரணம். குறைந்தபட்சக் கெபாசிட்டன்ஸ் சிறிதாக இருக்கும் வேரியபிளைத் தேடுங்கள். பிளேட் வயரைக் குட்டையாக, சாஸியிலிருந்து தள்ளி ஓட்டுங்கள்.

இதைச் சரிபார்க்க எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. மின்சாரமே வேண்டாம். பெட்டியை முற்றிலும் அணைத்து, வடித்து, வால்வு சாக்கெட்டில் இருக்கும்போதே பிளேட்டுக்கும் சாஸிக்கும் நடுவே 2400 ஓம் கார்பன் ரெசிஸ்டர் ஒன்றைக் குட்டைக் கால்களோடு வையுங்கள். ஆன்டெனா சாக்கெட்டில் ஆன்டெனா அனலைசரைச் செருகுங்கள். டியூன், லோடு இரண்டையும் திருப்பி 50 ஓம், எஸ்டபிள்யூஆர் 1 (முழுப் பொருத்தம்) என்று வருகிறதா பாருங்கள். ஒவ்வொரு பேண்டிலும் வந்துவிட்டால், காயிலின் டேப்புகள் (பேண்டுக்கு ஏற்ப இணைக்கும் இடைமுனைகள்) சரியான இடத்தில் இருக்கின்றன. ஒரு பொறி தட்டாமல், ஒரு வால்வைப் பணயம் வைக்காமல் பாதிப் பயணம் முடிந்தது. வேலை முடிந்ததும் அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேட்டுக்கும் இந்த நெட்வொர்க்குக்கும் நடுவே ஒரு பிளாக்கிங் கெபாசிட்டர் இருக்கும். ரேடியோ அலையை விட்டு 3000 வோல்ட்டைத் தடுப்பது அதன் வேலை. அது ஷார்ட் ஆனால் அந்த 3000 வோல்ட் நேராக உங்கள் ஆன்டெனா வயரில் நிற்கும். அதனால்தான் ஆன்டெனா சாக்கெட்டில் இருந்து சாஸிக்கு ஒரு சிறிய சோக் (ரேடியோ அலையைத் தடுத்து நேர் மின்சாரத்தை விடும் சுருள்) போட்டிருப்பார்கள். பிளாக்கிங் கெபாசிட்டர் போனால், இந்தச் சோக் வழியாக மின்சாரம் தரைக்கு ஓடி ஃபியூஸைப் போக்கிவிடும். சாதாரண நாட்களில் அது எந்த வேலையும் செய்வதாகத் தெரியாது. “இது எதற்கு வெட்டியாக” என்று யாரோ வெட்டி எடுத்த பெட்டிகளும் உண்டு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், இல்லையென்றால் சேருங்கள்.

பிளேட் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சுற்றி இரண்டு மூன்று சுற்றுக் கம்பி இருந்தால் அது பாரசிடிக் சப்ரஸர். நீங்கள் 7 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது வால்வு தன் போக்கில் நூறு மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் பாடத் தொடங்காமல் அது பார்த்துக்கொள்கிறது. அந்த ரெசிஸ்டர் கருகியிருந்தால் மாற்றிவிட்டு ஓடிவிடாதீர்கள்; ஏன் கருகியது என்று தேடுங்கள்.

டிரான்சிஸ்டர் பெட்டிகள்

இன்று எல்டிமாஸ் என்ற உயர் சக்தி வகை டிரான்சிஸ்டர் ஒன்றே கிலோவாட்டைத் தாண்டித் தருகிறது. பிஎல்எஃப்188எக்ஸ்ஆர், எம்ஆர்எஃப்1கே50எச் போன்றவை 50 வோல்ட்டில் ஓடுகின்றன. உயிர்ப்பயம் வெகுவாகக் குறைகிறது, டியூன் செய்யும் வேலையும் இல்லை. ஆனால் 65 சதவீதத் திறனில் 1500 வாட் எடுக்க 50 வோல்ட்டில் 46 ஆம்பியர் வேண்டும், எண்ணூறு வாட் சூடு கட்டைவிரல் அளவு உலோகத்தில் பிறக்கும். அதனால் டிரான்சிஸ்டரைத் தடித்த செம்புப் பலகையில் சால்டர் செய்தே வைக்கிறார்கள். ஒவ்வொரு பேண்டுக்கும் தனி லோ-பாஸ் ஃபில்டர் (பேண்டுக்கு மேற்பட்ட அலைவரிசைகளைத் தடுக்கும் வடிகட்டி) கட்டாயம். தவறு செய்தால் வால்வு சிவந்து எச்சரித்து, கையை எடுக்கச் சில நொடி தரும். டிரான்சிஸ்டர் அந்த அவகாசம் தராது. ஆன்டெனா கழன்றதை மில்லிநொடிகளுக்குள் கண்டு அணைக்கும் காவல் சுற்றுதான் அங்கே ஆம்ப்ளிஃபையரின் பாதி. முதல் பெட்டியைக் கட்டுகிறவருக்கு எதைச் சொல்வேன் என்றால், 50 வோல்ட் வழியைத்தான். டிரான்சிஸ்டர் செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

பழுது பார்க்கும்போது

இதுவரை மின்சாரத்தின் பின்னால் நடந்தோம். பழுது தேடும்போதும் அதே பாதைதான், அதே வரிசைதான். மேலே சொன்னபடி வடித்து, பிணைத்த பிறகு, முதலில் மூக்கும் கண்ணும் வேலை செய்யட்டும். கருகிய வாசனை, உப்பிய கெபாசிட்டர், பேண்ட் ஸ்விட்சில் கரும்புள்ளி. பேண்ட் ஸ்விட்சை டிரைவ் இருக்கும்போதே திருப்பினாலும் தவறான பேண்டில் டிரைவ் கொடுத்தாலும் அந்தக் கரும்புள்ளி விழும்.

வால்வுகளைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் போட்டாலும் ஃபியூஸ் போகிறதா? அப்படியானால் டயோடு அல்லது கெபாசிட்டர். வால்வைப் போட்டால் மட்டும் போகிறதா? வால்வுக்குள் கிரிட்டும் ஃபிலமென்ட்டும் ஒட்டியிருக்கலாம், ஓம்மீட்டர் சொல்லிவிடும். உயர் மின்னழுத்தம் சரியாக இருந்தும் ஐடில் கரண்ட் (சிக்னல் இல்லாதபோது ஓடுவது) துளியும் இல்லையென்றால் அதை நிர்ணயிக்கும் டயோடான பயாஸ் ஜீனர் அறுந்திருக்கலாம், ரிலே ஒட்டாமல் இருக்கலாம். பிளீடர்களை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். பல ஆண்டு சூட்டில் அவற்றின் மதிப்பு நகர்ந்திருக்கும். அப்படி இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் எட்டையும் மாற்றுவதே சரி.

பலருக்கு வியப்பளிக்கும் ஒன்று: பேசும்போது எல்லாம் நன்றாக இருக்கும், கேட்பது மட்டும் மங்கிவிடும். ஆம்ப்ளிஃபையர் அணைந்திருந்தாலும் நீங்கள் கேட்கும் சிக்னல் அதன் ரிலே வழியாகவே போகிறது. பேசும் பக்கக் கான்டாக்டில் ஆம்பியர் கணக்கில் ஓடும் கரண்ட் அதைத் தேய்த்துச் சுத்தமாக வைக்கும். கேட்கும் பக்கக் கான்டாக்டில் மைக்ரோவோல்ட் சிக்னல்தான் ஓடுகிறது. அங்கே படியும் மெல்லிய ஆக்சைடு அப்படியே தங்கிவிடும். சுத்தமான தாள் துண்டைக் கான்டாக்ட் கிளீனரில் நனைத்துக் கான்டாக்டுகளுக்கு நடுவே இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாளைப் போடாதீர்கள், வெள்ளிப்பூச்சு போய்விடும்.

பழைய பாகங்களைக் கையாளும்போது இன்னொரு எச்சரிக்கை. சில வெள்ளைச் செராமிக் பாகங்களில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். முழுதாக இருக்கும்வரை தீங்கில்லை. உடைத்தோ ராவியோ கிளம்பும் தூளைச் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். எது என்று தெரியாத வெள்ளைச் செராமிக்கை உடைக்காதீர்கள், ராவாதீர்கள்.

பழுது நீங்கியது என்று நினைக்கும்போது மூடியைப் போட்டு, டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை விழுங்கிச் சூடாகும் ரெசிஸ்டர்) இணைத்து, குறைந்த டிரைவில் தொடங்குங்கள். டியூனையும் லோடையும் வெளியீடு உச்சத்துக்கு வரும்படி மாறி மாறித் திருப்பி, டிரைவைப் படிப்படியாக ஏற்றுங்கள். கிரிட் கரண்ட் மட்டும் எகிறினால் லோடு குறைவாக இருக்கிறது. லோடு கெபாசிட்டரைத் திறக்க வேண்டும். பவர் மீட்டரின் கடைசி ஐம்பது வாட்டுக்காக டிரைவை மேலும் அழுத்தினால், அது பக்கத்து அலைவரிசைகளில் சிதறும் குப்பையாகத்தான் போகும். அங்கே பேசுகிறவர்கள் நம்மைப் போன்றவர்கள்தானே.

டம்மி லோடு தாங்கும் நேரத்துக்கு ஓட்டிய பின் அணையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், மறுபடி வடியுங்கள், பிணையுங்கள். வால்வு ஆறும் வரை அதைத் தொடாமல், பேண்ட் ஸ்விட்ச், காயில் டேப்புகள், சாக்கெட் பின்கள், டிரான்ஸ்பார்மர் முனைகள் என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பதைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு பேண்டுக்கும் டியூன், லோடு முள் நின்ற எண்களையும் பிளேட், கிரிட் கரண்ட்டையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை இந்த மூடியைத் திறக்கும்போது முதலில் தேவைப்படுவது அந்த எண்கள்தான்.